கல்வராயன் மலைக்கு எந்த வண்டி?

"கல்வராயன் மலையில் எங்களுக்கு 3 ஏக்கர் நிலம் இருக்கிறது. மரவள்ளியும் சாமையும் போடுகிறோம். தார்ச்சாலையிலிருந்து எங்கள் ஊருக்கு 4 கிலோமீட்டர் மண்பாதை. இந்த வருடம் கிழங்குப் பணம் வந்ததும், மலைப்பாதைக்கென்றே வரும் பைக் ஒன்றை வாங்க வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருக்கிறான். மொத்தப் பணமும் அதிலேயே போய்விடும் போலிருக்கிறது. அந்த வண்டிகள் உண்மையிலேயே மலைக்கு ஏற்றவையா? எதை வாங்கலாம்?"

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. விவசாயக் கருவிகளைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் ஆசிரியர் குழு இதை எனக்கு அனுப்பியது. "நாலு வரியில் பதில் எழுதிவிடாதீர்கள். மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது. கடிதம் எழுதியவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, தை பிறந்த இரண்டாவது வாரம் கிளம்பினேன்.

என்னிடம் இருப்பது 100 சிசி ஸ்ப்ளெண்டர். துணைக்கு, விழுப்புரத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரை அழைத்துக்கொண்டேன். அவர் வைத்திருப்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. மகன் கேட்கிற வகை வண்டி அதுதான். இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்று நினைத்தோம்.

அடிவாரத்திலிருந்து

கள்ளக்குறிச்சியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர் இது. கரும்பு வயல்களையும் நெல் நாற்றங்கால்களையும் தாண்டி கச்சிராயபாளையம் வந்தால், எதிரே கோமுகி அணையும் அதன் பின்னால் மலையும் தெரிகின்றன. அணையின் மொத்த உயரம் 46 அடி. கல்வராயனில் பெய்யும் மழைதான் இதை நிரப்புகிறது. கீழே இருக்கிற நம்முடைய நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் தருவது மேலே இருக்கிற காடுதான். மலைக்குப் போகும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

மலை ஏறும் தார்ச்சாலையில் எந்த வண்டிக்கும் சிரமம் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் எக்ஸ்பல்ஸ் மூன்றாவது கியரில் ஏறியது. என் வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியது. கரியாலூரில் டீ குடிக்க நின்றபோது நண்பர் என்னைவிட நான்கு நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியார் அருவிக்கும் மேகம் அருவிக்கும் வருகிறவர்கள் இந்தச் சாலையோடு திரும்பிவிடுவார்கள். ஆனால், மலையில் வாழ்கிறவர்களின் அன்றாடம் இந்தச் சாலையில் இல்லை. அது சாலையை விட்டு இறங்கும் கிளைப்பாதைகளில் இருக்கிறது.

இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசின் நேரடி நிர்வாகம் வந்தது. சமவெளி ஊர்களுக்கு எப்போதோ வந்துவிட்ட சாலை, இங்கே பல ஊர்களுக்குத் தாமதமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோதும், சாலை வசதி முக்கியமான பேச்சாக இருந்தது.

வெள்ளிமலை மெக்கானிக் சொன்ன கணக்கு

வெள்ளிமலை, கல்வராயன் மலை வட்டத்தின் தலைநகரம். கடைத்தெருவில் ஒரு டூவீலர் பட்டறை. வாசலில் நின்ற பதினொரு வண்டிகளை எண்ணினேன். ஆறு டிவிஎஸ் எக்ஸ்.எல், நான்கு 100 சிசி பைக், ஒரு ஸ்கூட்டர். மலைப்பாதைக்கென்று விளம்பரம் செய்யப்படும் வண்டி ஒன்றுகூட இல்லை.

"அந்த வண்டியெல்லாம் ஞாயித்துக்கிழமை வரும்ணா. வந்துட்டு அன்னிக்கே போயிடும்" என்றார் மெக்கானிக். முப்பது வயது இருக்கும். "நல்ல வண்டிதான், கொற சொல்ல மாட்டேன். ஆனா ஒயர் அறுந்தா என்கிட்ட இருக்கிறது எக்ஸ்.எல்லுக்கும் ஸ்ப்ளெண்டருக்கும்தான். அதுக்கு கள்ளக்குறிச்சி போகணும், இல்லன்னா ஆத்தூர் போகணும். ஒருநாள் வேலை கெட்டுப் போகும்."

அவருடைய பலகையில் தொங்கியவை: ஸ்பார்க் பிளக், பிரேக் ஷூ, செயின், டியூப், லிவர், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். எல்லாம் இரண்டு மூன்று வண்டிகளுக்கு உரியவை. வண்டி வாங்கும் முன்பு ஷோரூமில் விசாரிப்பதைவிட இப்படி ஒரு பலகையைப் பார்ப்பது மேல்.

அங்கே நின்ற எக்ஸ்.எல் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 என்று வந்த மொபெட்டின் வாரிசு இது. இன்றைய எக்ஸ்.எல் 100-ல் இருப்பது 99.7 சிசி, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். வண்டியின் எடை 90 கிலோவுக்குள். நிறுவனம் சொல்லும் சுமைத்திறன் 130 கிலோ. ஓட்டுகிறவரின் எடையும் அந்த 130-க்குள் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 60 கிலோ எடை உள்ளவர் ஓட்டினால் சுமைக்கு மிஞ்சுவது 70 கிலோ. நாம் பார்த்த வண்டிகளில் அதைவிட அதிகமாகவே ஏற்றியிருந்தார்கள்.

ஏற்றாமல் என்ன செய்வது? மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து விலை போடும் ஜவ்வரிசி ஆலைக்கு அது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். லாரி நிற்பது தார்ச்சாலையில். காட்டிலிருந்து லாரி வரைக்கும் தலைச்சுமை, இல்லையென்றால் எக்ஸ்.எல். கடுக்காயும் புளியும் பலாவும்கூட இப்படித்தான் கீழே இறங்குகின்றன.

4 கிலோமீட்டர் பாதை

கடிதம் எழுதியவரின் ஊருக்குச் செல்லும் கிளைப்பாதை வெள்ளிமலையைத் தாண்டிப் பிரிகிறது. முதல் ஒரு கிலோமீட்டர் செம்மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஓடிய தடம் காய்ந்து, பாதையின் நடுவே ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் போலக் கிடந்தது. அடுத்து ஓர் ஓடை. தண்ணீர் கணுக்கால் அளவு, அடியில் உருண்டைக் கற்கள். பிறகு செங்குத்தான மேடு. அதில் தேங்காய் அளவுக் கற்களும் சரளையும். கடைசியாக ஒரு பக்கம் சரிவாக இருக்கும் குறுகிய தடம்.

இங்கேதான் இரண்டு வண்டிகளும் வேறு வேறு பிறவி என்பது தெரிந்தது. எக்ஸ்பல்ஸின் முன்சக்கரம் 21 அங்குலம். கல்லில் மோதாமல் அதன்மேல் ஏறிப் போகிறது. முன் ஷாக் அப்சார்பர் 190 மில்லிமீட்டர் வரை அமுங்குகிறது. அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 220 மில்லிமீட்டர். என் ஸ்ப்ளெண்டருக்கு அது 165-தான். நண்பர் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றபடி மேட்டை ஒரே மூச்சில் ஏறிவிட்டார். நான் இரண்டு இடத்தில் அடிப்பாகத்தைக் கல்லில் உரசி, ஓரிடத்தில் இறங்கித் தள்ளி, வியர்த்து விறுவிறுத்து மேலே போய்ச் சேர்ந்தேன்.

ஆனால், கடைசித் தடத்தில் நிலைமை மாறியது. நண்பரின் உயரம் 5 அடி 4 அங்குலம். எக்ஸ்பல்ஸின் சீட் உயரம் 825 மில்லிமீட்டர், அதாவது முப்பத்திரண்டரை அங்குலம். சமதரையில் அவருடைய முன்னங்கால் மட்டும்தான் எட்டும். சரிவுப் பக்கம் காலை ஊன்றப் பார்த்தார். கால் காற்றில் போனது. வண்டி மெதுவாகச் சாய்ந்து படுத்துவிட்டது. வேகமே இல்லாததால் அடிபடவில்லை. ஆனால், 159 கிலோ வண்டியைச் சரிவிலிருந்து நிமிர்த்த நாங்கள் இருவரும் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. என் வண்டி 112 கிலோ. அதே இடத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, நடப்பதுபோல உந்திக்கொண்டே கடந்தேன்.

நண்பர் தனியாக வந்திருந்தால்? இந்தக் கேள்வி எனக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக உறைத்தது. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்பு, இதே மலையில் வேறொரு தடத்தில், இரவல் வாங்கிய 180 கிலோவைத் தாண்டிய வண்டி ஒன்றை ஓட்டிப் போனேன். வண்டியின் பெயர் வேண்டாம். தவறு வண்டியுடையது அல்ல, என்னுடையது. தூறலில் நனைந்த களிமண்ணில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். வழுக்கி விழுந்ததில் வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் காலை எடுக்கவும் முடியவில்லை, வண்டியை அசைக்கவும் முடியவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் பார்த்து, ஆள் கூட்டி வந்து தூக்கும் வரை ஒரு மணி நேரம் மழையில் கிடந்தேன். சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் கணுக்காலில் இருக்கிறது. "வண்டி பெருசா இருந்தா ஆள் கூட இருக்கணும் சாமி" என்றார் அந்தப் பெரியவர். இத்தனை நாள் கழித்தும் இதைவிட நல்ல ஆலோசனை எனக்குக் கிடைக்கவில்லை.

வண்டிகளை ஒப்பிட்டால்

மலைப்பாதையை இப்போதுதான் பழகுகிறவர், எப்போதாவது ஓட்டுகிறவர், இவர்களுக்காக வண்டிகளை எடை வரிசையில் வைத்துப் பார்ப்போம். விலை அடிக்கடி மாறுவதால் அதை உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிவிஎஸ் எக்ஸ்.எல் 100: 90 கிலோவுக்குள். கியர் இல்லை. சுமைக்கு நிகரில்லை. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். குறை, சிறிய சக்கரம் பள்ளத்தில் மாட்டும். இறக்கத்தில் மெதுவாகப் போகும்போது கிளட்ச் தானாக விடுபட்டுவிடுவதால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும். பாதியில் நின்று ஆறவிட்டு இறங்க வேண்டும்.

ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி பைக்குகள்: 110 கிலோவை ஒட்டி. சீட் தாழ்வு. கியர் இருப்பதால் இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். மண்பாதை, சரளைப் பாதைக்குப் போதும். பெரிய கல் உள்ள மேட்டில் அடிபடும்.

ஹீரோ இம்பல்ஸ்: 150 சிசி, சுமார் 134 கிலோ. 2011-ல் வந்த வண்டி, இப்போது தயாரிப்பில் இல்லை. மலைப்பாதைக்கு நல்ல எடை. பழைய வண்டியாகத்தான் கிடைக்கும். உதிரிபாகத்துக்கு வழி இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் வாங்க வேண்டாம்.

கவாசாகி கேஎல்எக்ஸ் 230: 139 கிலோ. மலைத்தடத்துக்கென்றே வடிவமைத்தது. எக்ஸ்பல்ஸைவிட 20 கிலோ குறைவு. ஆனால் சீட் உயரம் 880 மில்லிமீட்டர், ஏறக்குறைய முப்பத்தைந்து அங்குலம். உயரமானவர்களுக்குத்தான் சரிப்படும். பந்தயத் திடலில் மட்டும் ஓட்டக்கூடிய, சாலையில் பதிவு செய்ய முடியாத வகையும் இதே குடும்பத்தில் உண்டு. பெயரைச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200: 159 கிலோ. 2019-ல் வந்தது, 2021-ல் நான்கு வால்வு இன்ஜினோடு மேம்பட்டது. சாலை, காட்டுத்தடம் இரண்டுக்கும் பொருந்தும். நடுத்தர உயரத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு நல்ல தேர்வு.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 196 கிலோ. நெடுந்தூரப் பயணத்துக்கு அருமையான வண்டி. பழகுகிறவர் தனியாகக் காட்டுத்தடத்தில் கொண்டுபோக உகந்த எடை அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவைக்கு 40 சதவிகிதம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடுகளில் விவசாயிகளுக்கென்றே பைக் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பண்ணைகளுக்காக யமஹா நிறுவனம் 1970-களிலிருந்து 'ஏஜி' என்ற வரிசையைச் செய்து வருகிறது. முன்னும் பின்னும் சுமை வைக்கும் கேரியர், மண் புகாதபடி மூடிய செயின், எந்தப் பக்கச் சரிவிலும் நிறுத்த இருபுறமும் ஸ்டாண்டு, விழுந்தால் லிவர் உடையாமல் காக்கும் வளையம் என்று எல்லாம் அதில் உண்டு. இன்ஜின் சிறியதுதான். ஜப்பானில் அதே நிறுவனம் 1985-ல் செரோ என்றொரு வண்டியை விட்டது. செரோ என்பது மலைப்பாறையில் ஏறும் ஆடு போன்ற ஒரு விலங்கு. அந்த வண்டியில் கால் ஊன்றி உந்திக்கொண்டே மலை ஏறலாம். முப்பத்தைந்து வருடம் விற்பனையில் இருந்தது. நம் ஊரில் இவை கிடைக்காது. ஆனால் அங்கேயும் மலைக்கும் பண்ணைக்கும் வண்டி செய்தவர்கள் சக்தியைக் கூட்டவில்லை, எடையைக் குறைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

சாமைக் காட்டில் ஒரு பரீட்சை

கடிதம் எழுதியவரின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. வாசலில் பழைய 100 சிசி வண்டி ஒன்று நின்றது. அவர் அதைத்தான் பதினொரு வருடமாக ஓட்டுகிறார். மனைவி கேழ்வரகுக் கூழும் ஊறுகாயும் கொடுத்தார். மகனுக்கு 19 வயது. கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படிக்கிறான். நண்பரின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அதன் ஒவ்வொரு அளவும் அவனுக்கு மனப்பாடம்.

"தம்பி, நீ வாரத்துல எத்தன நாள் இங்க இருப்பே?" என்று கேட்டேன்.

"சனி, ஞாயிறு சார்."

"மத்த நாள் வண்டி எங்க இருக்கும்?"

பதில் இல்லை. ஹாஸ்டலில் வண்டி வைக்க அனுமதி இல்லையாம்.

அறுவடை முடிந்த சாமைக் காடு பக்கத்திலேயே இருந்தது. மண் மெத்தென்று கிடந்தது. நான் ஒரு யோசனை சொன்னேன். எக்ஸ்பல்ஸ், என் ஸ்ப்ளெண்டர், பக்கத்து வீட்டு எக்ஸ்.எல் மூன்றையும் வைக்கோல் பரப்பி அதன்மேல் படுக்கவைப்போம். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனியாகத் தூக்கி நிறுத்திப் பார்க்கட்டும்.

தூக்குவதற்கும் முறை இருக்கிறது. முதலில் இன்ஜினை அணைத்து, கியரில் போட வேண்டும். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும், நிமிர்த்தியதும் அது தாங்கிக்கொள்ளும். ஹேண்டில்பாரை, விழுந்த பக்கமாகவே முழுவதும் திருப்ப வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பார் பிடியையும் மறு கையால் சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். கையாலும் இடுப்பாலும் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

மகன் எக்ஸ்பல்ஸை இரண்டாவது முயற்சியில் நிமிர்த்தினான். சரிவான வரப்பு ஓரத்தில் படுக்கவைத்தபோது அவனால் முடியவில்லை. அப்பாவுக்குச் சமதரையிலும் முடியவில்லை. ஸ்ப்ளெண்டரை இருவரும் நிமிர்த்தினார்கள்.

ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்த அம்மாவை, "நீங்களும் வாங்கம்மா" என்று கூப்பிட்டோம். முதலில் வெட்கப்பட்டார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, எக்ஸ்.எல் வண்டியை முறையெல்லாம் பார்க்காமல் ஒரே மூச்சில் நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டார். எல்லோரும் கைதட்டினோம்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்றேன்.

"யாரு கத்துக் குடுத்தாங்க? ரேஷனுக்கு நாலு கிலோமீட்டர் நடந்துதான் போறேன். இவரு காட்டுல இருந்தா வண்டி காட்டுல இருக்கும். போன மழையில என் மாமியாருக்கு நெஞ்சு வலி. இவரு ஊர்ல இல்ல. டோலி கட்டித்தான் ரோடு வரைக்கும் தூக்கினாங்க. வண்டி வீட்ல இருந்திருந்தாலும் நான் என்ன பண்ணியிருப்பேன்?"

யாரும் பேசவில்லை. மகன் எக்ஸ்.எல் ஹேண்டிலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெஞ்சு வலி வந்தவரை மண்பாதையில் மொபெட்டில் கொண்டுபோவது சரியான வழி என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சாலைதான் வேண்டும். ஆம்புலன்ஸ் வாசல் வரை வர வேண்டும். ஆனால், தார்ச்சாலைக்குப் போய் ஆளைக் கூப்பிட, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் 108-க்குப் போன் செய்ய, வீட்டில் இருக்கிறவர் ஓட்டக்கூடிய வண்டி ஒன்று இருப்பது பெரிய விஷயம்.

கேள்விக்குப் பதில்

கடிதம் எழுதிய நண்பருக்கு நாங்கள் அங்கேயே சொன்ன பதில் இதுதான். மற்ற வாசகர்களுக்கும் பொருந்தும்.

மலைப்பாதைக்கென்று வரும் வண்டிகள் ஏமாற்று இல்லை. கல்லும் மேடும் உள்ள தடத்தில் அவை மற்ற வண்டிகளைவிட நன்றாகவே போகும். ஆனால் வண்டி ஓடும்போது எப்படி இருக்கும் என்பதைவிட, விழுந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பாருங்கள். பழகுகிறவர் கட்டாயம் விழுவார். அதனால், அந்த வண்டியை ஓட்டப்போகிறவர்களில் பலம் குறைந்தவர் யாரோ, அவர் தனியாகத் தூக்கி நிறுத்தும் எடைதான் உங்கள் வீட்டுக்கு ஏற்ற எடை.

ஷோரூமில் வண்டியைப் படுக்கவைத்துப் பார்க்க விடமாட்டார்கள். அதற்குப் பதில் இரண்டு சோதனை செய்யலாம். சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலும் ஊன்ற முடிகிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, வாசலில் உள்ள சாய்வுத்தளத்தில் தனியாக மேலே தள்ளிப் பாருங்கள். தள்ள முடியாத வண்டியை மலையில் நிமிர்த்தவும் முடியாது.

இந்தக் குடும்பத்துக்கு, இருக்கிற 100 சிசி வண்டியைச் சரிசெய்து அப்பா வைத்துக்கொள்ளட்டும், அம்மா பெயரில் எக்ஸ்.எல் ஒன்று வாங்கலாம் என்றோம். எக்ஸ்பல்ஸ் விலையில் பாதிகூட ஆகாது. மீதிப் பணம் அடுத்த போகத்துக்கு நிற்கும். மொபெட்தானே, லைசென்ஸ் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. 50 சிசிக்கு மேல் எதுவானாலும் 18 வயதும் லைசென்ஸும் கட்டாயம். கியர் இல்லாத வண்டிக்கென்றே லைசென்ஸ் எடுக்கலாம். ஹெல்மெட் மலையிலும் வேண்டும்.

பழகும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம். டயர் பட்டன் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மண்பாதையில் காற்றைச் சிறிது குறைத்தால் பிடிப்புக் கூடும், மிகவும் குறைத்தால் கல்லில் அடித்து டியூப் கிழியும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்பிவிட வேண்டும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறங்காதீர்கள். கியர் வண்டி என்றால் முதல் கியர், பின் பிரேக் முதலில், முன் பிரேக் மெதுவாக. மேட்டில் நின்றுவிட்டால் கிளட்சைப் பிடித்துப் பின்னால் உருள விடாமல், முன் பிரேக்கைப் பிடித்தபடி கியரிலேயே வைத்து இறங்குங்கள். சுமையோடு புதுத்தடத்தைப் பழகாதீர்கள். முதலில் வெறும் வண்டி, பிறகு பாதிச் சுமை.

வார விடுமுறையில் மலைக்கு வரும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எக்ஸ்பல்ஸ், கேஎல்எக்ஸ் போன்றவை உங்களுக்கு ஏற்றவைதான், இருவராக வாருங்கள். தார்ச்சாலையும் ஊர்ப்பாதையும் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். வெறும் புல் என்று நீங்கள் நினைத்து ஏறுவது ஒருவருடைய சாமைப் பயிராக இருக்கலாம். ஈரத்தில் நீங்கள் சக்கரம் சுழற்றிய தடம், அடுத்த மழையில் வாய்க்காலாகும். நீங்கள் போன பிறகு, அந்தப் பாதையில்தான் கிழங்கு மூட்டையோடு எக்ஸ்.எல் வர வேண்டும்.

திரும்பும்போது சேராப்பட்டு வழியாகச் சங்கராபுரம் இறங்கினோம். கிளம்பும் முன்பு மகனிடம், "வருத்தமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் இருக்கு சார்" என்று ஒளிக்காமல் சொன்னான். நண்பர் தன் வண்டியின் சாவியை அவன் கையில் கொடுத்து, வீட்டுக்கும் ஓடைக்கும் இடையே ஒரு தடவை ஓட்டிவரச் சொன்னார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. இறங்கியதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு எக்ஸ்.எல்லைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா, உக்காரு. பிரேக்கு எங்கன்னு மொதல்ல பாரு."

நாங்கள் மேடு ஏறித் திரும்பிப் பார்த்தபோது, சாமைக் காட்டில் எக்ஸ்.எல் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் கேரியரைப் பிடித்தபடி மகன் ஓடிக்கொண்டிருந்தான்.

உங்கள் பகுதியில் வண்டி போகக் கஷ்டப்படும் பாதை இருந்தால், அதில் எந்த வண்டியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் பகிர்ந்துகொள்வோம்.